முழு வாசிப்பு

"எனக்கு முதல் வரிசை மட்டும்தான் எரியுது சார். மத்ததெல்லாம் செத்துக் கெடக்கு."

பிரகாசி பலகையைத் தூக்கிக் காட்டினாள். நாலு வரிசை, வரிசைக்கு ஆறு குட்டி விளக்கு. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரே ஒரு எழுத்து. எந்தக் கட்டத்தில் ஒய் என்ற எழுத்து இருக்கிறதோ அந்த விளக்கை ஏற்றும்படி கணினி நிரல் எழுத வேண்டும். அதுதான் அந்த வாரத்து வீட்டுப்பாடம். அவள் எல்லாக் கட்டத்திலும் ஒய் போட்டு வைத்திருந்தாள். ஆறு விளக்கோடு நிரல் வேலையை முடித்துக்கொண்டது.

"கரண்டைச் சிக்கனம் பண்ணுதா போல," என்றார் பின்பெஞ்சிலிருந்து கொம்பையா.

வகுப்பு சிரித்தது. கொம்பையா குளிர்கூடக் கமிட்டியின் தலைவர். அவருடைய பலகையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"நீங்க சிரிக்காதீங்க அண்ணாச்சி. உங்களது எங்க, காட்டுங்க பாப்போம்," என்றாள் பிரகாசி.

"இந்த வயசுல எனக்கு எதுக்கு தாயி ஐ-யும் ஜே-யும்? சார்தான் விட மாட்டேங்காரு."

நயினார் சார் கரும்பலகையிலிருந்து திரும்பினார். ஆறுமுகநயினார் என்பது முழுப் பெயர். முப்பத்தைந்து வயதுக்காரர், புதுத்தோப்பின் வாசகர். ஊரில் உயிர் சம்பந்தப்பட்ட எந்த இயந்திரத்தில் எந்த நிரல் ஓடினாலும் அதை அவர் வாய்விட்டு வாசித்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஓடும்.

"தீநாள்ல கூடத்துக்குள்ள போய்ப் படுக்கறீங்கள்ல அண்ணாச்சி? உங்க மூச்சு எதுல ஓடுதுன்னு நீங்க தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

"மெஷினே எழுதி மெஷினே திருத்திக்கிட்டு இருந்தப்பவும் எல்லாரும் இப்படித்தான் சொன்னாங்க. அதுக்குத்தான் மெஷின் இருக்கேன்னு. வடக்க ஒரு ஊருக்குத் தண்ணிய நிறுத்திச்சு. ஏன் நிறுத்திச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்கப்புறம்தான வாசிப்புச் சட்டமே வந்துச்சு. நம்ம ஊரு மட்டுமாவது அத இன்னும் விடாம இருக்கு." சொல்லிக்கொண்டே பிரகாசியின் மேசைக்கு வந்தார். "கொட்டையை எடுங்கக்கா. வாசிச்சுப் பாத்துருவோம்."

வாசிப்பு என்றால் புதுத்தோப்பில் கண்ணால் வாசிப்பதல்ல. ஒருவர் நிரலை வரிவரியாகச் சொல்லுவார்; இன்னொருவர் எதிரே இரண்டு கிண்ணத்தை வைத்துக்கொண்டு புளியங்கொட்டை போடுவார். ஐ கிண்ணம் எத்தனையாவது வரிசை என்பதற்கு. ஜே கிண்ணம் அந்த வரிசையில் எத்தனையாவது இடம் என்பதற்கு. இயந்திரம் செய்வதையெல்லாம் கை செய்து பார்க்க வேண்டும். கை பொய் சொல்லாது என்பது அவர்கள் எண்ணம்.

"ஐ எத்தனை?"

"காலி."

"ஜே?"

"அதுவும் காலி."

"ஐ நாலுக்குக் குறைவா?"

"குறைவு."

"வெளிச் சுத்துக்குள்ள போங்க. ஜே ஆறுக்குக் குறைவா?"

"குறைவு."

"உள் சுத்துக்குள்ள போங்க. கட்டத்துல என்ன எழுத்து?"

"ஒய்."

"விளக்கை ஏத்துங்க. ஜே கிண்ணத்துல ஒரு கொட்டை."

இப்படியே ஆறு கொட்டையும் விழுந்தன. ஜே இப்போது ஆறுக்குக் குறைவில்லை. உள் சுற்று முடிந்தது. ஐ கிண்ணத்தில் ஒரு கொட்டை போட்டார்கள்.

"ரெண்டாவது வரிசைக்கு வந்தாச்சு. ஜே ஆறுக்குக் குறைவா?"

பிரகாசி கிண்ணத்தைப் பார்த்தாள். போட்ட கொட்டை ஆறும் அதிலேதான் கிடந்தன.

"இல்ல."

"அப்போ உள்ள போவீங்களா?"

"எப்படிப் போக? போக மாட்டேன்."

"மூணாவது வரிசைக்கு?"

"அதுக்கும் போக மாட்டேன்."

"அவ்வளவுதான் விஷயம். வரிசை மாறும்போதெல்லாம் ஜே கிண்ணத்தைக் கவுத்துக் காலி பண்ணணும். அந்த வரிய நீங்க ரெண்டு சுத்துக்கும் மேல, வெளிய கொண்டு போய் வச்சிருக்கீங்க. அது ஒருதடவதான் நடக்கும். புதுசா படிக்கிறவங்க எல்லாரும் பண்ற தப்புதான்." சிரித்தார். "ஆனா நான் இப்படி எழுதிப் போடலியேக்கா. யாரைப் பாத்து எழுதுனீங்க?"

"யாரையும் பாக்கல சார். சுவரைப் பாத்து எழுதுனேன்."

"எந்தச் சுவர?"

"கூடத்துச் சுவருதான். அங்கயும் வரிசை, இடம், எழுத்துன்னுதான இருக்கு. விளக்குக்குப் பதிலாக் காத்து. அதான் அந்த நிரலை அப்படியே எடுத்து எண்ணை மட்டும் மாத்திக்கிட்டேன். காப்பியடிச்சது தப்புதான்."

நயினார் மேசையிலிருந்த அவளுடைய தாளை எடுத்து மறுபடி படித்தார். கரும்பலகைக்குப் போய் ஒரு வரி எழுதினார், அழித்தார்.

"இன்னைக்கு இவ்வளவு போதும்," என்றார்.

"மணி ஆகலியே," என்றார் கொம்பையா. அவருக்கு அது வருத்தமில்லை என்பது தெரிந்தது.

*

பிரகாசி புதுத்தோப்புக்காரி இல்லை. கடல் உள்ளே வந்து மணல்கரை என்ற ஊரை எடுத்துக்கொண்டபோது அங்கிருந்து ஏறி வந்தவர்களில் ஒருத்தி. அவளும், கணவன் மிக்கேலும், மகள் எமிலியும் வந்தார்கள். ஊர் அவர்களை விரட்டவில்லை. கரையேறினவங்க என்று ஒரு பெயர் வைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மனை கொடுத்தது. குளிர்கூடத்தில் அதுவரை ஒரு வரிசையாக இருந்த பெர்த்துகளை, வரிசைக்குப் பன்னிரண்டாக, மூன்று வரிசையாக்கியது.

தீநாள் என்பது வேர்வை வற்றாத நாள். உடம்பு வேர்க்கும், வேர்வை காயாது, உள்சூடு வெளியேற வழியில்லாமல் ஆள் உட்கார்ந்தபடியே போய்விடுவார். அப்படி ஒரு நாள் வருகிறது என்றால் விடியும் முன்பே சங்கு ஊதும். எல்லாரும் கூடத்துக்குள் இறங்கி ரயில் பெர்த் மாதிரி இருக்கும் கட்டிலில் படுத்துக் கண்ணாடி மூடியை இழுத்துவிட்டு, தலைமாட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்த ஆளின் கட்டத்தில் ஒய் விழும். நிரல் ஒவ்வொரு கட்டமாக வாசித்துக்கொண்டு வந்து, ஒய் இருக்கிற இடத்துக்குக் குளிர்காற்றைத் திறக்கும். வாசித்த கட்டத்தை மட்டும் குறித்தும் வைக்கும். சாயங்காலம் எல்லாக் கட்டத்தையும் துடைத்துவிடும். பக்கத்துப் பெர்த்துக்காரர்தான் சாட்சி. பொத்தான் சத்தம் காதில் விழுந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பு.

போன கோடையின் கடைசித் தீநாளில், புது வரிசைகள் முதல்முறையாகத் திறந்த அன்று, ஐந்து பேர் மூடிக்குள்ளேயே இறந்துபோனார்கள். எல்லாரும் கரையேறினவர்கள், எல்லாரும் நோயாளிகள் அல்லது வயதானவர்கள். அவர்களில் ஒருவனான மிக்கேலுக்கு இருதயத்தில் கோளாறு இருந்தது. பிரகாசி அன்று ஊரில் இல்லை. தங்கை பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஐந்து பேரின் கட்டத்துக்கான குறிப்பையும் திறந்து பார்த்தார். ஒன்றிலும் ஒய் பதிவாகவில்லை. புது ஆட்கள், பழக்கமில்லை, அழுத்த மறந்திருப்பார்கள் என்று எழுதினார். நான்கு சாட்சிகள், சத்தம் கேட்டதா என்று நினைவில்லை என்றார்கள். மிக்கேலுக்குப் பக்கத்தில் படுத்திருந்த எமிலி மட்டும் கேட்டது என்றாள்; இரண்டு தடவை கேட்டும் அதையே சொன்னாள். பதிவும் சாட்சியும் ஒத்துவரவில்லை. பொய்ச்சாட்சி என்று எழுதிவிட்டுப் போனார்.

அதை வாசித்துவிட்டு பிரகாசி மகளிடம் பேசியது மிகவும் கொஞ்சம். "எங்கிட்டயாவது பொய் சொல்லாத ட்டி," என்றாள். எமிலி மறுவாரம் மேட்டுப்பக்கம் ஒரு முதியோர் விடுதியில் வேலை என்று பையைக் கட்டிக்கொண்டு போனவள்தான். போன் அடித்தால் எடுப்பாள், சாப்பிட்டேன் என்பாள், வைத்துவிடுவாள்.

வகுப்பு முடிந்ததும் பிரகாசி வீட்டுக்குப் போகவில்லை. கிண்ணங்களோடு கூடத்துக்குப் போனாள்.

நிரல் சுவரில் கண்ணாடிக்குள் பெரிய எழுத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்பது சட்டம். எல்லாரும் அதன் அடியில் செருப்பைக் கழற்றுவார்கள். அவள் தரையில் உட்கார்ந்து தானே சொல்லித் தானே கொட்டை போட்டாள். முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசைக்கு வந்தபோது ஜே கிண்ணத்தில் பன்னிரண்டு கொட்டை இருந்தது.

படியில் ஆள் இறங்கும் சத்தம் கேட்டது.

"இங்கதான் இருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றார் நயினார்.

"சார், ஜே-யைக் காலி பண்ணுற வரி ஒரு இடத்துலதான இருக்கு?"

"ஒரு இடத்துலதான். மேல."

"ஏன் அப்படி வச்சாங்க?"

அவர் ஒரு பெர்த்தின் விளிம்பில் உட்கார்ந்தார். "முன்னால கூடம் ஒத்த வரிசைக்கா. ஒத்த வரிசைக்கு அந்த இடம் சரி. உங்க ஊரு ஆளுங்க வந்தப்புறம் பழைய நிரலை அப்படியே வச்சு, அதைச் சுத்தி வெளிச் சுத்து ஒண்ணு போட்டாங்க. அந்த ஒரு வரிய உள்ள தள்ளணும்னு யாருக்கும் தோணல."

"நீங்க வாசிச்சுத்தான கையெழுத்துப் போட்டீங்க?"

"வாசிச்சேன்."

"கொட்டை போட்டு?"

"கொட்டை போட்டுத்தான். ஊருக்கு முன்னால." தரையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்து, "முதல் வரிசைய வாசிச்சேன்," என்றார்.

அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிரகாசியும் அந்த வாசிப்பில் இருந்தவள்தான். பன்னிரண்டு இடத்தையும் ஒவ்வொன்றாக வாசிப்பதற்குள் குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடும். முதல் வரிசை முடிந்ததும் வாசகர் தலையைத் தூக்குவார். சபை ஒரே குரலில் "அப்படியே" என்று சொல்லும். மற்ற வரிசைகளும் இப்படியே என்று அர்த்தம். சட்டத்தில் அந்த வழக்கம் கிடையாது. ஆனால் அதைத் தப்பென்று சொன்னவரும் கிடையாது. அவளும் அன்று "அப்படியே" என்றுதான் சொல்லியிருந்தாள்.

"அப்போ ரெண்டாவது வரிசைல, மூணாவது வரிசைல யாருக்குமே காத்து வரல."

"வரல. கூடம் பூமிக்கு அடியில இருக்கதால மத்தவங்க தாங்கிட்டாங்க."

"அவங்க கட்டமும் காலியாத்தான இருந்திருக்கும்? அதிகாரி அதப் பாக்கலியா?"

"செத்தவங்க கட்டத்தத்தான் பாத்தாரு. பிழைச்சவங்க கட்டத்த யாரு பாப்பா?"

பிரகாசி கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எமிலி சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னாளே சார்."

"தெரியும்."

"நான் நம்பல."

நயினார் சுவரைப் பார்த்தபடி பேசினார். "அக்கா, ஞாயித்துக்கிழமை கோடை வாசிப்பு. அன்னைக்கே இத மாத்திடுறேன். ஒரு வரிதான். இந்தக் கோடைல யாருக்கும் ஒண்ணும் ஆகாது, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா பழசை மாத்தணும்னா முதல்ல பழசை ஒருதடவ வாசிச்சாகணும். முதல் வரிசை முடிஞ்சதும் எல்லாரும் அப்படியேன்னு சொல்லுவாங்க. நீங்களும் சொல்லிருங்க. சின்னத் திருத்தம்னு சொல்லிப் புதுசை மாட்டிடுறேன்."

"சொல்லலேன்னா?"

"ஒரு ஆளு சொல்லலேன்னாலும் முழுசா வாசிக்கணும். வாசிச்சா எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சா மேலிடத்துக்குத் தெரியும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "அவங்க இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. பாத்தியா, மனுஷன் வாசிச்சும் அஞ்சு பேரு செத்தாங்கன்னு சொல்லி மூடுன பெட்டியைக் கொண்டாந்து மாட்டிருவாங்க. அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. இந்தத் தப்பை இன்னைக்கு நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க? சுவர்ல இருந்ததாலதான? பெட்டில தப்பு இருந்தா நீங்க எதைப் பாத்துக் காப்பியடிப்பீங்க?"

"நீங்க சொல்றது நியாயம்தான்," என்றாள் பிரகாசி. அது நியாயம் என்றே அவளுக்குப் பட்டது. "எம்மவளைப் பொய்ச்சாட்சின்னு எழுதியிருக்காங்களே, அதை எப்படி அழிப்பீங்க?"

"நான் பேசிப் பாக்குறேன்."

"காரணம் சொல்லாமயா?"

நயினார் பெர்த்தின் விளிம்பிலிருந்து எழுந்து கண்ணாடிக்கு முன் போய் நின்றார். அவர் கெட்டவர் இல்லை என்பது பிரகாசிக்குத் தெரியும்; அதனால்தான் அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தவர்களும் கோயிலுக்குப் போய்வந்தவர்களுமாகக் கூடம் நிறைந்துவிட்டது. அவரவர் பெர்த்தில் அவரவர் உட்கார்ந்திருந்தார்கள். நயினார் கண்ணாடிக்கு முன் நின்றார். கிண்ணங்களுக்குக் கமிட்டித் தலைவர். கொம்பையா சம்மணம் போட்டு உட்கார்ந்து வேட்டி விளிம்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சின்னத் திருத்தம் ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னால பழசை வாசிச்சிருவோம்," என்றார் நயினார்.

வாசிப்பு தொடங்கியது.

"வரிசை ஒண்ணு, இடம் ஒண்ணு. எழுத்து ஒய். காத்தைத் திற."

"இருக்கேன்," என்றார் கொம்பையா. அது அவர் இடம். கொட்டையைப் போட்டார். இடத்துக்குரியவர் இருக்கேன் என்று சொல்லுவது வழக்கம். சிலர் அதை ராகமாகக்கூடச் சொல்லுவார்கள்.

"இடம் ரெண்டு. எழுத்து ஒய். காத்தைத் திற."

"இருக்கேன்."

பன்னிரண்டு இடமும் முடிந்தன. நயினார் தலையைத் தூக்கினார். சபை "அப்படியே" என்றது.

"எல்லாரும் சொன்னீங்களா?" இதுவும் வழக்கமாகக் கேட்பதுதான். யாரும் இதற்குப் பதில் சொன்னதில்லை.

"நான் சொல்லல," என்றாள் பிரகாசி மூன்றாவது வரிசையிலிருந்து.

கொம்பையா கழுத்தைத் திருப்பினார். "என்ன தாயி, தொண்டை கட்டிருச்சா?"

"இல்ல அண்ணாச்சி. முழு வாசிப்பு கேக்கேன்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. ஒருத்தி அடுப்பில் கறி கிடக்கிறது என்றாள். இன்னொருவர், மூணு வரிசையும் வாசிச்சா மத்தியானச் சோறு ராத்திரிக்குத்தான் என்றார். "வகுப்புல ஒரு தப்பு பண்ணிட்டா, அதுலருந்து எல்லாரையும் சோதிக்கா," என்றது ஒரு குரல்.

"ரொம்ப நேரம் ஆகாது," என்றார் நயினார்.

அவர் பிரகாசியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். இருந்தாலும் கேட்டதை அவள் திரும்பப் பெறவில்லை. அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

"ஐ கிண்ணத்துல ஒண்ணு போடுங்க அண்ணாச்சி. வரிசை ரெண்டு. ஜே பன்னெண்டுக்குக் குறைவா?"

இரண்டாவது வரிசையின் முதல் பெர்த்தில் இருந்த பெண் இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்திருந்தாள். அவளுக்கு அது முதல்தடவை.

கொம்பையா கிண்ணத்தைப் பார்த்தார். "பன்னெண்டு கெடக்கு."

"குறைவா?"

"குறைவில்ல."

"அப்போ உள்ள போகாது. ஐ-ல இன்னொண்ணு. வரிசை மூணு. ஜே பன்னெண்டுக்குக் குறைவா?"

"இல்ல."

"ஐ-ல இன்னொண்ணு. ஐ மூணுக்குக் குறைவா?"

"இல்ல."

"முடிஞ்சுது," என்றார் நயினார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கொம்பையா கிண்ணத்தைத் தூக்கி உள்ளே பார்த்தார். "எதையோ விட்டுட்டீங்க சார். திருப்பி வாசிங்க."

திருப்பி வாசித்தார். இரண்டாவது தடவை கொம்பையாவின் குரல் இறங்கியிருந்தது. இரண்டாம் வரிசையும் மூன்றாம் வரிசையும் இரண்டிரண்டு கேள்வியில் கடந்து போயின.

முதலில் பேசியது முதல் வரிசைக்காரி ஒருத்தி. யாரிடமும் சொல்லவில்லை, தனக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "அன்னைக்கு நாங்க போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுல்லா கெடந்தோம்."

"எங்களுக்கு வேர்த்து ஊத்திச்சு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கூடம்னா இப்படித்தான் இருக்கும் போலன்னு நெனச்சுக்கிட்டோம். கேக்கவும் வெக்கமா இருந்துச்சு."

*

நயினார் சொன்னதெல்லாம் நடந்தது. அவர் அந்த ஒரு வரியை அன்றே உள்ளே தள்ளி வாசித்தார். அன்று மூன்று வரிசையும் இருக்கேன் சொன்னது. அது ஒருமுறைதான். மாதம் முடிவதற்குள் மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். ஐந்து மரணத்துக்கும் காரணம் நிரல் பிழை என்று திருத்தி எழுதினார்கள். எமிலியின் சாட்சியம் உண்மை என்று எழுதி அதற்கு ஒரு முத்திரை போட்டார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைத் திருகினார்கள். அது சத்தமில்லாமல் வேலை செய்தது. அதற்கு வாசகர் தேவைப்படவில்லை. நயினார் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். வழியில் பிரகாசியைப் பார்த்தால் நின்று நலம் விசாரித்தார்.

ஊரில் சிலருக்கு அவள்மேல் வருத்தம் இருந்தது. "ஒத்த வார்த்தை. சொல்லியிருந்தா வாசிப்பு நம்மகிட்டயே இருந்திருக்கும்," என்றார்கள் தண்ணீர்க் குழாயடியில். அவள் காதுபடத்தான் சொன்னார்கள். இல்லை என்று அவளும் சொல்லவில்லை.

எமிலி மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். செய்தி தெரிந்து கொம்பையா வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே நாலைந்து பெண்கள்.

"நீ சொன்னது மெய்யின்னு ஆயிருச்சு தாயி. அன்னைக்கு உன்னை என்னென்னவோ பேசிட்டோம். மனசுல வச்சுக்காத."

எமிலி தலையை ஆட்டினாள். காப்பி குடித்துவிட்டு அவர்கள் போனார்கள். பிரகாசி டம்ளர்களை எடுக்காமல் மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மெலிஞ்சுட்ட."

"அங்க சாப்பாடு சரியில்ல."

"நான் உன்னை நம்பியிருக்கணும் ட்டி."

"அம்மா, எதுக்கு இதைச் செஞ்ச?"

"எதை?"

"முழு வாசிப்பு கேட்டியாமே. சுவர்ல பெட்டி வந்துருச்சாமே. பஸ்ல எல்லாரும் அதான் பேசுறாங்க."

"உனக்காகத்தான். பின்ன யாருக்காக?"

எமிலி நிமிரவில்லை. சேலை முந்தானையில் பிரிந்திருந்த ஒரு நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சத்தம் கேக்கலம்மா."

பிரகாசி அவள் விரலில் சுற்றியிருந்த நூலைப் பார்த்தாள்.

"நான் தூங்கிட்டேன். நீ ஆஸ்பத்திரில இருந்தல்லா, மொத நாள் பூரா அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு நான்தான் உக்காந்திருந்தேன். மூடிய இழுத்துவிட்டதும் தூங்கிட்டேன். அப்பா அழுத்துனாரான்னு எனக்குத் தெரியாது. அதிகாரி கேட்டப்போ, தூங்கிட்டேன்னு எப்படிச் சொல்ல? கேட்டுச்சுன்னேன். ரெண்டாவது தடவ கேட்டப்போ மாத்திச் சொல்ல முடியல. நீ பொய் சொல்லாதன்னு சொன்னல்லா, நீ கண்டுபிடிச்சுட்டன்னுதான் நெனச்சேன். அதான் போயிட்டேன்."

"அழுத்தியிருந்தாலும் காத்து வந்திருக்காது," என்றாள் பிரகாசி. அவளால் அதை மிகத் தெளிவாகச் சொல்ல முடிந்தது. "மூணாவது வரிசைக்கு அது வரவே இல்ல. நீ முழிச்சிருந்தாலும் ஒண்ணுதான், தூங்கியிருந்தாலும் ஒண்ணுதான்."

"அது எனக்கும் தெரியும்மா. நான் சொல்றது அது இல்ல."

"தெரியுது."

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துப் போனார்கள். மகள் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறாள் என்பதும், அந்தச் சொல் தன்னிடம் இல்லை என்பதும் பிரகாசிக்கு ஒரே நேரத்தில் புரிந்தது.

"இதை வேற யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல. நயினார் சார்கிட்டயாவது சொல்லிரணும்னு இருக்கு. அவருதான பாவம், எல்லாத்தையும் விட்டுட்டு நிக்காரு."

"சொல்ல வேண்டாம்," என்றாள் பிரகாசி.

எமிலி தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். பிரகாசி டம்ளர்களை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கி முடித்த பிறகும் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.